இரண்டு நிமிடத் தோழிக்கு

தோழி,

இன்று மாட்டுப் பொங்கல். விடிய இன்னும் நேரம் இருக்கிறது. மாத்திரையை அரை டம்ளர் தண்ணீரில் விழுங்கிவிட்டேன். இனி அரைமணி நேரம் காபி கிடையாது, பல்லில் ஒரு பருக்கைகூடப் படக்கூடாது. மூன்று வருடமாக இந்த அரைமணியைச் சும்மா உட்கார்ந்தே கழித்திருக்கிறேன். இன்று இதை உனக்குத் தர வேண்டும் என்று தோன்றியது. உனக்காகக் காத்திருக்கும் நேரம்தானே இது. அடுத்த அறையில் அம்மா தூங்குகிறாள். அவள் எழுவதற்குள் உனக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.

தோழி என்று உன்னை அழைக்கக் காரணம் உண்டு. நம் அகப்பாட்டுகளில் தலைவிக்கும் தலைவனுக்கும் நடுவே, தலைவிக்கும் தாய்க்கும் நடுவே சொல் சுமந்து போகிறவள் தோழி. மற்றவர்களுக்கு வாய் வராத இடத்தில் அவள்தான் பேசுவாள். மருத்துவர்கள் உன்னை ஜிஎல்பி-1 என்கிறார்கள். 30 அமினோ அமிலங்கள் கோத்த சின்னச் சரம் நீ. சோறு உள்ளே இறங்கியதும் குடல் சுவரில் இருக்கும் எல் செல்களிலிருந்து புறப்படுகிறாய். கணையத்திடம், “சர்க்கரை வருகிறது, இன்சுலினை எடுத்து வை” என்கிறாய். கல்லீரலைச் சர்க்கரை அவிழ்க்கச் சொல்லும் குளுக்ககானிடம், “கொஞ்சம் பொறு” என்கிறாய். இரைப்பையிடம், “மெல்ல அனுப்பு” என்கிறாய். மூளையிடம், “போதும்” என்கிறாய். இத்தனையும் சொல்லி முடிக்க உனக்குக் கிடைப்பது ஏறக்குறைய இரண்டு நிமிடம். அதற்குள் டிபிபி-4 என்ற நொதி உன் தலைப்பக்கத்து மணிகள் இரண்டைக் கத்தரித்துவிடுகிறது. உன் பேச்சு அத்தோடு நின்றுபோகிறது.

தோழி, உனக்கு நான் பட்ட முதல் கடன் கரும்பலகையில் இருக்கிறது. 31 வருடம் மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் நடத்தினேன். நாளமில்லாச் சுரப்பிகள் பாடம் வந்தால் பிட்யூட்டரி தொடங்கிக் கணையம் வரை வண்ணச் சாக்பீஸால் வரைவேன். குடலை மட்டும் வரைந்ததில்லை. செரிமானப் பாடத்தோடு குடலின் கதை முடிந்துவிட்டது என்று நினைத்திருந்தேன். ஆனால் ஹார்மோன் என்ற சொல்லே உன் பிறந்த வீட்டிலிருந்து வந்ததுதான். 1902-இல், இதே ஜனவரி 16 அன்று, லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் வில்லியம் பேலிஸும் எர்னஸ்ட் ஸ்டார்லிங்கும் மயக்கத்தில் இருந்த ஒரு நாயின் சிறுகுடலில் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு, அதற்குப் போகும் நரம்புகளை எல்லாம் அறுத்துவிட்டு, உள்ளே அமிலம் விட்டார்கள். செய்தி நரம்பு வழியாகத்தான் போகும் என்றால் கணையம் அசையாமல் இருந்திருக்க வேண்டும். அது சுரந்தது. குடலின் உட்தோலைச் சுரண்டி, மணலும் அமிலமும் சேர்த்து அரைத்து, வடிகட்டி, இரத்தத்தில் செலுத்திப் பார்த்தார்கள். அப்போதும் சுரந்தது. குடல் இரத்தத்தின் வழியாகவே சொல்லி அனுப்புகிறது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்தத் தூதுக்குச் சீக்ரிட்டின் என்று பெயர் வைத்தார்கள். அவள் உனக்கு அக்காள். இப்படிப்பட்ட தூதுகளுக்கெல்லாம் பொதுப்பெயராக 1905-இல் ஸ்டார்லிங் முன்வைத்த சொல்தான் ஹார்மோன். என் பாடத்துக்குத் தலைப்புத் தந்த குடும்பத்தை என் பாடத்தில் நான் சேர்க்கவே இல்லை. அந்தப் பிழையைப் பொறுத்துக்கொண்டு, ஓய்வுபெற்ற பிறகும் எனக்கு நீ பாடம் நடத்துகிறாய்.

தோழி, வாயால் உண்பதற்குத் தனி மதிப்பு உண்டென்று காட்டியதும் குடல் தூதுகளான நீங்கள்தான். 1964-இல் மெக்கின்டயர், ஹோல்ட்ஸ்வொர்த், டர்னர் என்ற மூவர் லண்டனில் ஒரு சோதனை செய்தார்கள். குளுக்கோஸை டிரிப்ஸாக நேரே இரத்தத்தில் ஏற்றினார்கள். இன்னொரு முறை குடலுக்குள் விட்டார்கள். குடல் வழியாகப் போனபோது இன்சுலின் கூடுதலாகச் சுரந்தது. சர்க்கரை வந்த பிறகு கணையம் விழித்துக்கொள்வதில்லை, வருகிறது என்று முன்கூட்டியே அதற்கு யாரோ சொல்லிவிடுகிறார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு ஊறும் இன்சுலினில் பாதிக்கு மேல் உன்னாலும் ஜிஐபி என்ற உன் உறவுக்காரியாலும் ஊறுகிறது என்பது பின்னால் தெளிவானது. என்னைப் போன்ற சர்க்கரை நோயாளிகளிடம் அந்தச் சொல்லுக்கு வலு குறைந்துபோகிறது. விருந்தாளி வாசலில் வந்து நின்ற பிறகு அடுப்பு மூட்டும் வீடுபோல ஆகிவிடுகிறது எங்கள் உடம்பு. பல வருடம் நான் கணையத்தையே குறை சொல்லிக்கொண்டிருந்தேன். முன்கூட்டிச் சொல்கிறவளின் குரல் அதற்குச் சரியாக எட்டவில்லை என்பதை நான் அறிந்திருக்கவில்லை.

தோழி, உன்னைத் தேடிக் கண்டவர்களுக்கு நான் பட்ட கடனையும் உன் கணக்கிலேயே எழுதுகிறேன். நீ குளுக்ககானோடு ஒரே பெரிய சரத்துக்குள் ஒளிந்திருந்தாய். 1982-இல் பாஸ்டன் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் ஜோயல் ஹாபெனர் குழுவினர் தூண்டில் மீனின் கணையத்திலிருந்து எடுத்த மரபணுவைப் படித்தபோது, குளுக்ககானுக்குப் பக்கத்திலேயே இன்னொரு சரமும் இருப்பது தெரிந்தது. கடலடி மீன் ஒன்றின் வயிற்றில்தான் உன் சாயல் முதலில் தென்பட்டது. அதே மருத்துவமனையில், ஸ்கோப்யே நகரத்தில் பிறந்த ஸ்வெத்லானா மோய்சொவ் உன்னை மணி மணியாகக் கோத்தார். 37 மணி கொண்ட சரத்தில் முதல் 6 மணியும் உதிர்ந்த பிறகுதான் நீ வாய் திறக்கிறாய் என்பதைப் புரிந்துகொண்டு, அந்தத் துண்டு எலியின் கணையத்தை இன்சுலின் சுரக்க வைக்கிறது என்று 1987-இல் காட்டினார்கள். அதே காலத்தில் கோபன்ஹேகனில் யென்ஸ் யூல் ஹோல்ஸ்டும் உன்னிடம் வந்து சேர்ந்திருந்தார். மோய்சொவின் பெயர் தொடக்கத்தில் காப்புரிமைகளில் இல்லை. அவர் போராடித்தான் பிறகு சேர்த்துக்கொண்டார்கள். 2024-இல் ஹாபெனரோடும், பின்னாளில் உனக்கு ஆயுள் கூட்டிய லாட்டே பியெர் நுட்செனோடும் சேர்த்து அவருக்கும் லாஸ்கர் விருது கிடைத்தது. மேசை முன் உட்கார்ந்து, ஆண்டுக்கணக்கில் ஒரு சின்னச் சரத்தைக் கோத்துக் கோத்துப் பார்த்த அந்தப் பெண்ணை நான் நேரில் காணப்போவதில்லை. உன்னிடம் சொன்னால் அவருக்குப் போய்ச் சேரும் என்று வைத்துக்கொள்கிறேன்.

தோழி, எங்கள் வீட்டுக்குள் நீ முதலில் வந்தது அம்மாவின் மாத்திரை டப்பாவில். காலையில் ஒன்று, இரவில் ஒன்று, வில்டாகிளிப்டின். அந்த மாத்திரைக்குள் நீ இல்லை. உன்னை வெட்டும் கத்தரியின் வாயைக் கட்டிவைக்கிற மருந்து அது. கத்தரி ஓய்ந்தால் அம்மாவின் குடலில் பிறக்கும் நீ இன்னும் சிறிது நேரம் பேசலாம். 2019 கடைசியில் அதன் காப்புரிமை இந்தியாவில் முடிந்தது. விலை சரிந்தது. ஓய்வூதியத்தில் எண்ணி எண்ணிச் செலவழிக்கும் வீடுகளுக்கும் அது எட்டியது. அம்மா அதை “சுகர் மாத்திரை” என்று மட்டும்தான் சொல்வாள். உன் ஆயுளுக்குச் சில நிமிடம் சேர்க்கத் தான் தினமும் இரண்டு முறை தண்ணீர் குடிக்கிறோம் என்பது அவளுக்குத் தெரியாது.

தோழி, பாலைவனத்தில் இருக்கும் உன் உறவையும் மறக்கக்கூடாது. அமெரிக்காவின் அரிசோனாப் பக்கத்தில் ஹீலா என்றொரு நச்சுப் பல்லி வாழ்கிறது. வருடத்தில் சில வேளை உண்டு, மிச்ச நாளெல்லாம் வளைக்குள் கிடக்கும். நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனையில் வேலை செய்த ஜான் எங், அதன் நஞ்சிலிருந்து 1992-இல் எக்செண்டின்-4 என்ற பொருளைப் பிரித்தெடுத்தார். உன் அமைப்பில் பாதிக்கு மேல் அதில் இருந்தது. உன்னைக் கத்தரி பிடிக்கும் இடத்தில், இரண்டாவது மணி மட்டும் வேறு. அந்த ஒரு மணியின் மாற்றத்தால் கத்தரிக்கு அங்கே பிடி கிடைக்கவில்லை. நிமிடங்கள் மணிக்கணக்காயின. அதிலிருந்து வந்த எக்செனடைடு 2005-இல் மருந்தாக அனுமதி பெற்றது. உன் சொல்லை நீட்டிச் சொல்ல ஒரு பல்லி கற்றுக்கொடுத்தது. பல்லி சொன்னால் பலன் பார்க்கிற ஊரில் வளர்ந்தவள் நான். இந்தப் பல்லிக்கு மனமாரக் கைகூப்புகிறேன்.

தோழி, டென்மார்க்கில் உனக்கு ஆயுள் கூட்டியவர்களின் பொறுமையும் என் கடன் ஏட்டில் இருக்கிறது. நோவோ நோர்டிஸ்க்கில் லாட்டே பியெர் நுட்சென் உன்மேல் கொழுப்பு அமில வால் ஒன்றைக் கட்டினார். இரத்தத்தில் மிதக்கும் அல்புமினை அந்த வால் பற்றிக்கொள்ளும். படகோரத்தைப் பிடித்தபடி ஆற்றில் போகிறவளைப்போல நீ மூழ்காமல் போனாய். முதலில் லிராக்ளூட்டைடு, ஒரு ஊசி ஒரு நாள் தாங்கியது. பிறகு அங்கே செமக்ளூட்டைடு வந்தது. அதில் பாதி கரைய ஒரு வாரம் ஆகும். நான் விழுங்குவது அதன் மாத்திரை வடிவம். அதிலும் நூற்றில் ஒரு பங்கு அளவே இரத்தத்தை எட்டுகிறது. அதற்காகத்தான் வெறும் வயிறு, அதற்காகத்தான் இந்த அரைமணி. இரண்டு நிமிடத்தை ஒரு வாரமாக்க உலகத்துக்கு முப்பது ஆண்டு பிடித்தது. எனக்கு அரைமணி காத்திருப்பது பாரமா?

தோழி, நீ எனக்குத் தந்ததைச் சொல்ல வேண்டும். முன்பு வேறொரு மாத்திரை சாப்பிட்டேன். சர்க்கரை இருந்தாலும் இல்லாவிட்டாலும் கணையத்தைப் பிழிந்துகொண்டே இருக்கும் வகை. ஒரு நாள் பதினோரு மணி வகுப்பில், எழுதிக்கொண்டிருந்த கை நடுங்கியது, வேர்த்துக் கொட்டியது, பலகை இருண்டது. முன்பெஞ்சுப் பிள்ளை ஒருத்தி ஓடிவந்து வாயில் மிட்டாயைத் திணித்தாள். அதற்குப் பிறகு பேருந்தில் ஏறவும் பயம், தனியாகப் படுக்கவும் பயம். நீ அப்படிப் பிழிவதில்லை. சர்க்கரை ஏறியிருந்தால்தான் இன்சுலினைக் கேட்கிறாய், இறங்கிவிட்டால் வாயை மூடிக்கொள்கிறாய். முதல் மாதம் குமட்டல் இருந்தது, அதை மறைக்கமாட்டேன். நாலு வாய்க்கு மேல் இறங்கவில்லை. அது தணிந்த பிறகு, முழங்கையைத் தட்டோரத்தில் ஊன்றி “போதும்” என்று மனதார நினைத்த அந்த மதியம் எனக்கு நினைவிருக்கிறது. வயிறு நிறைந்தும் கை நிற்காத முப்பது வருடத்துக்குப் பிறகு வந்த போதும். என் மனசு உறுதியற்றது என்று என்னை நானே வைதுகொண்ட காலமெல்லாம், எட்டாமல் போன ஒரு சொல்லுக்காக என்னைத் தண்டித்திருக்கிறேன். அந்தத் தண்டனையிலிருந்து என்னை விடுவித்தவள் நீ.

தோழி, அப்பாவை உனக்குத் தெரியாது. சர்க்கரையோடு வாழ்ந்து, ஐம்பத்தாறாம் வயதில் மாரடைப்பில் போனார். 2016-இல் 9,340 பேரிடம் லிராக்ளூட்டைடைச் சோதித்தபோது, இதயநோயால் நேரும் மரணம் நூற்றுக்கு 22 பங்கு குறைந்தது. செமக்ளூட்டைடு சிறுநீரகத்தையும் காக்கிறது என்று 2024-இல் தெரிந்தது. அப்பாவுக்கு நீ வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்ப்பதை விட்டுவிட்டேன். அவர் வயதைக் கடந்து நான் இருக்கிறேன். அதற்கு உனக்கு நன்றி.

தோழி, இனிச் சொல்வது கனமானது. நீ குடலோடு நிற்பவள் இல்லை. மூளைத்தண்டிலும் உன்னைச் செய்யும் நரம்புச் செல்கள் இருக்கின்றன. உன் சொல்லைக் கேட்கும் ஏற்பிகள் மூளையின் பல இடங்களில் உண்டு. நோயுற்ற எலிகளின் மூளையில் நீ அழற்சியைத் தணித்தாய், செல்களைக் காத்தாய். எங்கள் பள்ளி ஓவிய ஆசிரியருக்குப் பார்க்கின்சன் என்னும் நடுக்குவாதம் வந்தது. ஒரே இழுப்பில் மயிலை வரைந்த கை, காபி டம்ளரைப் பிடிக்கவே இரண்டாவது கையைத் துணைக்கு அழைத்தது. அவருக்குப் படித்துக்காட்டத்தான் உன்னைப் பற்றிய செய்திகளைச் சேர்க்கத் தொடங்கினேன். 2017-இல், பேலிஸும் ஸ்டார்லிங்கும் வேலை செய்த அதே லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில், டாம் ஃபோல்டினி குழுவினர் 62 பார்க்கின்சன் நோயாளிகளிடம் பல்லி தந்த எக்செனடைடைச் சோதித்தார்கள். மருந்து பெற்றவர்களின் உடலசைவு சற்று மேலாக இருந்தது. 2024-இல் பிரான்சில் 156 பேரிடம் லிக்சிசெனடைடு என்ற அதன் உறவு மருந்தைச் சோதித்தபோது, ஓராண்டில் அதைப் பெற்றவர்களுடைய அசைவு மோசமாகாமல் நின்றது; வெற்று மருந்து பெற்றவர்களுக்கு மோசமானது. அந்தச் செய்தியை ஆசிரியர் இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார். 2025 பிப்ரவரியில் லண்டனிலிருந்து பெரிய சோதனையின் முடிவு வந்தது. 194 பேர், 96 வாரம், எக்செனடைடால் பயன் தெரியவில்லை. அதையும் அவருக்குப் படித்துக்காட்டினேன். “முயற்சி பண்ணாங்கல்ல, டீச்சர்” என்றார்.

தோழி, அம்மாவுக்கு மறதி நோய் வந்து நாலு வருடம் ஆகிறது. முதலில் சாவி, பிறகு தெரு, பிறகு நான். அல்சைமரின் ஆரம்ப நிலையில் இருக்கும் 3,808 பேரிடம், நான் விழுங்கும் இதே செமக்ளூட்டைடு மாத்திரையை வைத்து இரண்டு பெரிய சோதனைகள் நடப்பதாக அறிந்த நாளிலிருந்து, இந்த விடியற்காலை அரைமணியில் நான் ஒன்றை மட்டுமே நினைத்துக்கொண்டிருந்தேன். என் மாத்திரையில் ஒன்றை அவளுக்குக் கொடுக்கலாமா என்று மருத்துவரிடம் கேட்டேன். “பொறுங்கம்மா, சோதனை முடியட்டும். மெலிஞ்சுபோன வயசானவங்களுக்குப் பசியும் எடையும் குறையறது நல்லதில்ல” என்றார். பொறுத்தேன். 2025 நவம்பர் 24 அன்று முடிவு வந்தது. நோயைக் காட்டும் சில அளவுகள் தேறியிருந்தன; மறதியின் நடை மட்டும் தளரவில்லை. அன்றைக்கு மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். உன்மேல் கோபம் வரவில்லை. நீ பொய் சொல்லவில்லை என்பதுதான் மனதில் நின்றது.

தோழி, அந்த “இல்லை”க்கும் உனக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். ஆம் என்று ஒரு அரைகுறைச் சொல் வந்திருந்தால், எத்தனை வீடுகளில் நகை அடகுக் கடைக்குப் போயிருக்கும். எத்தனை மெலிந்த தாய்மார்கள் இன்னும் மெலிந்திருப்பார்கள். தங்கள் மறதியையே சோதனைக்குக் கொடுத்து, இரண்டு வருடம் வந்து போன அந்த 3,808 பேரும், ஒவ்வொரு முறையும் அவர்களைக் கூட்டி வந்த கணவனும் மனைவியும் மகளும், என் அம்மாவுக்காகவும் ஒரு பதிலை வாங்கித் தந்திருக்கிறார்கள். அந்தப் பதிலால் அவளை வீணான குமட்டலிலிருந்து காப்பாற்ற முடிந்தது. எந்தக் கதவு திறக்கவில்லை என்று தெரிந்துகொண்டவர்கள் அடுத்த கதவுக்குப் போவார்கள். உன் அக்காளைக் கண்ட நாளிலிருந்து அப்படித்தான் நடந்துவருகிறது.

தோழி, உன்னிடம் ஒரு வேண்டுகோளும் இருக்கிறது. சென்னை நீரிழிவு ஆய்வாளர்கள் முன்னின்று 2023-இல் வெளியிட்ட கணக்குப்படி இந்நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடிப் பேர். என் ஓய்வூதியத்தில் ஒரு பங்கை உனக்கென்று ஒதுக்க என்னால் முடிகிறது. எங்கள் வீட்டுக்குப் பால் ஊற்றுகிறவருக்கும் சர்க்கரைதான், அவரால் முடியாது. செமக்ளூட்டைடின் காப்புரிமைக்கு இந்தியாவில் 2026 மார்ச் வரைதான் ஆயுள். அம்மாவின் மாத்திரை ஒரு நாள் எட்டிய வாசல்களுக்கெல்லாம் நீயும் போய்ச் சேர வேண்டும்.

தோழி, நேற்று பொங்கல். தலைவாழை இலை போட்டு அம்மாவை உட்காரவைத்தேன். இன்றைக்கு என்ன விசேஷம் என்று மூன்று முறை கேட்டாள். என்னைத் தன் அக்காள் பெயர் சொல்லி அழைத்தாள். “நீ சாப்பிட்டியா?” என்று மட்டும் மாறாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பிடித்த சர்க்கரைப் பொங்கலில் ஒரு கரண்டிதான் முதலில் வைத்தேன். மெல்ல, ரசித்துச் சாப்பிட்டாள். பண்டிகை நாள்தானே என்று இன்னும் அரைக் கரண்டி வைக்கக் குனிந்தேன். சட்டென்று இரண்டு கையையும் குவித்து இலையை மூடினாள். “போதும், போதும்” என்றாள். கல்யாணப் பந்திகளில் நான் சிறுமியாகப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த அதே கை, அதே குரல்.

அந்த நேரத்தில் அவள் குடலில் நீ பிறந்து, சொல்லி, மறைந்துகொண்டிருந்திருப்பாய். அந்தத் தூதுக்கு ஞாபகம் தேவைப்படவில்லை. கிழமை தெரியாத, மகளைத் தெரியாத அவளுக்கும், வயிறு நிறைந்தது என்பதை ஒவ்வொரு வேளையும் புதிதாகப் போய் நீ சொல்லிக்கொண்டிருக்கிறாய். அவளை மீட்டுத் தர உன்னால் ஆகவில்லை. அவளிடம் மிச்சமிருக்கும் நிறைவை நீ காத்துவருகிறாய். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, குவிந்த அந்தக் கைகளின்மேல் என் கையை வைத்துக்கொண்டேன்.

அரைமணி ஆகிவிட்டது. டிகாக்‌ஷன் இறங்கியிருக்கும். அம்மாவின் வளையல் சத்தம் கேட்கிறது. பழைய பாட்டுகள் பலவற்றில் தோழியை அழைத்ததுமே வாழ்த்திவிட்டுத்தான் பேச்சைத் தொடங்குவார்கள். இரண்டு நிமிடமே இருக்கிறவளுக்கு அந்த வாழ்த்தை நான் கடைசிக்கு வைத்துக்கொண்டேன், இங்கிருந்து நீ மறுபடியும் தொடங்க வேண்டும் என்பதற்காக.

வாழி, தோழி.